டிஸ்கோ கோமதியின் இடது கை

போன ஞாயிற்றுக்கிழமை கீரமங்கலத்தில் ஒரு வளைகாப்பு. மைக்செட் நம்முடையது. வாரத்தில் ஒருநாள்தானே இந்தப் பத்தியில் உங்களோடு பேச்சு... மற்ற நாளெல்லாம் பிழைப்பு இதுதான்.

வளையல் போடும் நேரம் பார்த்து, பாட்டு ஓடிக்கொண்டிருந்த செல்போன் சார்ஜ் தீர்ந்து அணைந்துவிட்டது. பாட்டில்லாமல் வளைகாப்பா, யாராவது பாடுங்கள் என்றார் மாப்பிள்ளையின் அம்மா. கார்ட்லெஸ் மைக் கை மாறிக் கை மாறிப் போனது. சிரித்துக்கொண்டே அடுத்தவரிடம் தள்ளினார்கள். என்னிடம் நீட்டியிருந்தால் ஓடியே போயிருப்பேன். மைக் கட்டத்தான் தெரியும்; அதில் பேசச் சொன்னால் வேர்த்துவிடும்.

கடைசியில் அது பெண்ணின் அம்மாவிடம் வந்து நின்றது. அறுபது வயதிருக்கும். தயங்கித் தயங்கி வாங்கினார்.

சாதாரண நலங்குப் பாட்டுதான். அடக்கமாகப் பாடினார். ஆனால் அந்த இடது கை? இல்லாத ஒயரைத் தேடித் தேடிச் சுருட்டிக்கொண்டிருந்தது.

எனக்குத் தெரிந்து அப்படிச் சுருட்டுகிறவர் ஒருவர்தான் — டிஸ்கோ கோமதி.

உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கலாம். டிஸ்கோ பாட்டு ஊரையே ஆட்டிவைத்த காலம். பளபளக்கும் சட்டை, பேண்ட், இடுப்பில் அகலமான பெல்ட். ஆவுடையார்கோவில் பக்கமோ கறம்பக்குடிப் பக்கமோ திருவிழாக் கச்சேரி என்றால் முதலில் பிள்ளையார் பாட்டு. அதே தொண்டையில் அடுத்து டிஸ்கோ. ஆடிக்கொண்டே பாடுவார். ஒயர் காலில் சிக்காமல் இடது கை சுருட்டிக்கொள்ளும்.

கைதட்டியவர்களே மறுநாள் டீக்கடையில் என்ன பேசியிருப்பார்கள்? சொல்லவா வேண்டும்... கல்யாணமானதும் மேடையை விட்டார். ஊரையும் விட்டார்.

மைக்கைத் திருப்பித் தர வந்தவர், நான் பார்த்த பார்வையிலேயே புரிந்துகொண்டார்.

"தம்பி, நான் டிஸ்கோ பாடுனது அவுக வீட்ல தெரியாது. பொண்ணு கேட்டு வந்தப்ப சொல்லாம விட்டுட்டோம். எம்மக அங்கதான் வாழணும்..."

தலையாட்டினேன். ஆனால் சம்பந்தியம்மா பின்னாலேயே வந்து நின்றிருந்தார்.

"மதினி, அப்ப அந்த டிஸ்கோ கோமதி நீங்கதானா?"

கோமதி அம்மா மகளைத் திரும்பிப் பார்த்தார். கை நிறைய வளையலோடு அவள் யாரிடமோ சிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஆமா மதினி" என்றார்.

சம்பந்தியம்மா இன்னும் கிட்டத்தில் வந்தார்.

"எங்க வீட்டுக்காரரு, ஒங்க கச்சேரி எங்க நடந்தாலும் சைக்கிள எடுத்துக்கிட்டுப் போயிருவாரு. இன்னைக்கும் குளிக்கப் போனா ஒங்க பாட்டுத்தான். ஒரு வரி ஒழுங்கா வராது. இங்கிட்டுக் கூப்பிடுறேன், சரியாச் சொல்லிக் குடுத்துட்டுப் போங்க. நானும் எத்தன வருசந்தான் கேக்குறது?"

கோமதி அம்மா சிரித்தாரா, அழுதாரா... புடவைத் தலைப்பு மறைத்துவிட்டது.

ஒருவர் பயந்து ஒளித்துவைக்கிற காலத்தை, இன்னொருவர் எங்கோ ஆசையாகப் பாடிக்கொண்டிருக்கிறார். நமக்கு எப்படித் தெரியும்?

சம்பந்தி ஐயா வந்தார். வேட்டியை இழுத்துவிட்டுக்கொண்டார். தினமும் குளியலறையை அதிரவைக்கிற மனிதருக்கு, அன்றைக்கு வணக்கம்கூட வாயில் வரவில்லை!