முந்திரிக்காட்டுக் கொலைகாரனும் என் ஆறு காரணங்களும்

போன வாரம் சிதம்பரத்திலிருந்து கடலூர் போகும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு கல்லூரிப் பையன்கள். ஒரே இயர்போனை ஆளுக்கொரு காதில் மாட்டிக்கொண்டு ஒரு வீடியோ பார்த்தார்கள். ஏதோ வெளிநாட்டில், ரொம்ப காலத்துக்கு முன், அடுத்தடுத்துக் கொலைகள் செய்து கடைசிவரை சிக்காமல் போன ஒருவனைப் பற்றியது. “டாக்டர்தான் மச்சான், வெட்டுன விதத்தப் பாரு” என்றான் ஒருவன். மற்றவன் கசாப்புக் கடைக்காரன் என்று சாதித்தான். ஆலப்பாக்கம் தாண்டியும் வழக்கு முடியவில்லை. அவர்களுடைய அக்கறை எனக்குப் பிடித்திருந்தது. தோளைத் தொட்டு ஒன்று சொல்லலாமா என்று நினைத்தேன், வாய் வரவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

பக்கத்தில் இருந்த அம்மாள் மடியில் ஒரு பை நிறைய முந்திரிப்பழம். தொண்டையைப் பிடிக்கும் அந்த இனிப்பு வாசனை இல்லாவிட்டால் இதெல்லாம் நினைவுக்கு வந்திருக்காதோ என்னவோ.

சில வருடங்களுக்கு முன் அண்ணாமலை நகரில் ஒரு லாட்ஜில் தங்கிப் புள்ளியியல் படித்துக்கொண்டிருந்தேன். கடைசி வருடம். பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்காடுகளில் கொட்டை பொறுக்கப் போன பெண்கள் மூன்று பேர், சில மாத இடைவெளியில், ஒரே மாதிரி வெட்டுப்பட்டுக் கிடந்தார்கள். செய்தது யார் என்று தெரியவில்லை. தெரியாததால் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எங்கள் மெஸ் அக்கா, அவன் குடிகாரன்தான் என்று அடித்துச் சொன்னார். அவர் கணவர் குடிப்பவர். தெருமுனைத் தையல்காரருக்கு வடநாட்டு ஆட்கள்மேல் சந்தேகம். எதிரே ரெடிமேட் கடை போட்டவர் வடநாட்டுக்காரர். லாட்ஜ் வாட்ச்மேன் எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “படிச்சவந்தான். படிச்சவனுக்குத்தான் இவ்ளோ பொறும இருக்கும்” என்றார். நாங்கள் அவருக்கு வணக்கம் வைப்பதில்லை.

நான் இவர்களைப் பார்த்துச் சிரித்தேன். நான் புள்ளியியல் மாணவன் அல்லவா? பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் வரைபடம் போட்டு, மூன்று சிவப்புப் புள்ளி வைத்து, ஊர்களை இணைக்கும் சாலைகளை வரைந்து, ஒரு வாரம் வகுப்புக்கே போகாமல் யோசித்தேன். அவன் வெளியூர்க்காரன், ஆனால் ஊருக்குள் வந்தால் நாய்கூடக் குரைக்காது. கையில் வெட்டுகிற பொருள் இருந்தாலும் யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். சட்டையில் ரத்தம் இருந்தாலும் கேட்கமாட்டார்கள். எந்த வீட்டுப் பெண்கள் எப்போது தனியாகக் காட்டுக்குப் போவார்கள் என்று அவனுக்குத் தெரியும். இப்படி ஆறு காரணங்கள். முடிவு: வண்டியில் வரும் மீன் வியாபாரி.

இந்த இடத்தில் நீங்கள் என் அப்பா என்ன தொழில் செய்தார் என்று கேட்கவேண்டும். மீன் வியாபாரம். தோள்பட்டை உடைந்து கடலுக்குப் போக முடியாமல் போனதும், துறைமுகத்தில் மீன் எடுத்து, மொபெட்டில் ஐஸ் பெட்டி கட்டி, முந்திரிக்காட்டு ஊர்களுக்குப் போவார். எங்கள் குப்பத்தில் ஆண்கள் பிடிப்பார்கள், பெண்கள் விற்பார்கள். “பொம்பள வேலைக்குப் போறியா மச்சான்” என்று கரையில் உட்கார்ந்து கிண்டல் செய்வார்கள். நான் படிக்கவேண்டும் என்று அந்தக் கிண்டலைச் சுமந்துகொண்டுதான் போனார். எழுதும்போது அவர் நினைப்பே வரவில்லை என்றால் நம்புவீர்களா? தாளில் இருந்தவன் மீன் வியாபாரி. அவர் அப்பா.

அறைத்தோழன் செல்வம் அந்த முந்திரிக்காட்டு ஊர்களில் ஒன்றைச் சேர்ந்தவன். நான் எழுதியதைப் படித்துவிட்டு, அப்படியே போனில் தட்டித் தன் ஊர் வாட்ஸப் குழுவில் போட்டான். பெயர் போடவில்லை. அலுவலகத் தமிழில், வரிசை எண்ணோடு இருந்ததால் போலீஸ் அறிவிப்பு என்றே நம்பிப் பரப்பிவிட்டார்கள். எனக்குப் பெருமைதான், ஒத்துக்கொள்கிறேன்.

நாலாம் நாள் அம்மா போன் செய்தாள். அப்பா போன வேகத்தில் பெட்டி நிறைய மீனோடு திரும்பிவிட்டாராம். ஊர் எல்லையிலேயே நிறுத்தி, அருவாமனையைப் பிடுங்கிக்கொண்டு அனுப்பியிருக்கிறார்கள். அன்று மத்தியானமே வீட்டுக்குப் போனேன்.

அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. பக்கத்து வீட்டுப் போனை வாங்கி வைத்திருந்தார். “இதுல என்னமோ போட்டிருக்காம் தம்பி, படி” என்றார். நான் எழுதியதை நானே அவருக்குப் படித்துக் காட்டினேன். ஆறு காரணங்களையும். ஒவ்வொன்றுக்கும் அவர் தலையை ஆட்டினார்.

“நல்லாத்தான் எழுதிருக்கான்” என்றார். பிறகு, “யாருன்னு கண்டுபிடி. திட்றதுக்கு இல்ல. ஒரு தபா நம்ம வண்டில ஏத்தினு போயி அந்த சனங்களக் காட்டணும்.”

“நாந்தான் நைனா.”

போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அம்மா அடுப்பிலிருந்து எழுந்தவள் அப்படியே நின்றாள்.

“ரெண்டாவதா செத்துதே அந்தப் பொண்ணு,” என்றார் கடைசியில், “நெத்திலின்னா உசுரு அதுக்கு. ஒரு கை ஜாஸ்தியாப் போட்டாத்தான் தட்ட எடுக்கும்.” என் வரைபடத்தில் அவள் ஒரு சிவப்புப் புள்ளி.

மறுநாள் காலை அவர் மொபெட்டின் பின்னால் உட்கார்ந்து போனேன். ஊர் எல்லையில் பத்துப் பேர் நின்றார்கள். இறங்கி, எழுதியது நான்தான், வெறும் ஊகம், இவர் என் அப்பா என்று சொன்னேன். ஒரு பெரியவர் மட்டும் பதில் சொன்னார்: “நேத்து மீன்காரன்ன. இன்னிக்கி இல்லன்ற. நாளைக்கு யாரச் சொல்லுவ?” அப்பா வண்டியிலிருந்தபடியே சொன்னார்: “எம் புள்ள காலேஜ் படிக்கறான். புத்திதான் இன்னும் வரல. ஆனா கையெழுத்து முத்து மாரி இருக்கும்.”

யாரோ சிரித்தார்கள். அருவாமனையைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஒரு பாட்டி தட்டோடு வந்து சங்கரா வாங்கினாள். வண்டி வரை வந்து வாங்கினாள். யாரும் வீட்டு வாசலுக்குக் கூப்பிடவில்லை. சில மாதம் அப்படி எல்லையிலேயே நின்று விற்றுப் பார்த்துவிட்டு, அப்பா கடலூர் முதுநகர் மார்க்கெட்டில் பெண்களோடு பெண்களாகத் தரையில் உட்கார்ந்தார். அங்கேதான் இன்றைக்கும் இருக்கிறார். என்னை ஒரு நாளும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த அன்று மார்க்கெட் முழுக்க மிட்டாய் கொடுத்தார்.

கொன்றவன் யாரென்று இதுவரை தெரியாது. அந்த ஊர்களுக்கு இப்போது மீன் வேனில் வருகிறது. ஓட்டுபவர் கண்ணாடியை மட்டும் இறக்குகிறார். முன்பெல்லாம் வெயிலில் வந்த மீன்காரரை, “உள்ள வாண்ணே, ஒரு வாய் கூழ் குடிச்சிட்டுப் போ” என்று கூப்பிடுவார்கள். அப்பா தாழ்வாரத்தில் சாய்ந்து கால் மணி நேரம் கண்ணயர்ந்துவிட்டுக்கூட வருவாராம். அந்தக் குரல் அங்கே இப்போது எந்த வீட்டிலும் இல்லை. அதை எடுத்துப்போனவன் யாரென்பது மட்டும் எனக்குத் தெரியும்.