உச்சி வெயிலில் நின்றுபோன மெஷின்

அண்ணி எந்த அறையிலிருந்து வெளியே வந்தாலும் நிலைப்படியில் ஒரு நொடி நிற்பார். திரும்பிப் பார்க்க மாட்டார். வலது கையை மட்டும் பின்னால் நீட்டிச் சுவரைத் தடவுவார். ஏதாவது ஒரு சுவிட்ச் போட்டபடி இருந்தால் விரல் அதை அணைத்துவிட்டு வரும். அவர் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்த நாளிலிருந்து நான் இதைப் பார்க்கிறேன். அடுத்தவர் வீட்டுக்குப் போனாலும் கை சும்மா இருக்காது. ஒருமுறை என் அத்தை வீட்டில், குளியலறைக்குள் ஆள் இருக்கும்போதே விளக்கை அணைத்துவிட்டு வந்தார். உள்ளே இருந்த மாமா போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரர்கள்கூட ஓடி வந்துவிட்டார்கள்.

"அசையாம உட்கார்ந்திருக்காதீங்கப்பா. என்னையும் ஒரு நாள் அணைச்சிட்டுப் போயிடுவா" என்று என் அண்ணன் வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார்.

அண்ணியைக் கஞ்சம் என்று சொல்கிறவர்கள் உண்டு. அது சரியில்லை. யாருக்காவது எதையாவது கொடுப்பதில் அவர் கை இழுத்ததே கிடையாது. வீணாவதைத்தான் அவரால் பொறுத்துக்கொள்ள முடியாது. வீட்டின் கீழ்த்தளத்தில் அவர் துணி ஆல்டரேஷன் கடை வைத்திருக்கிறார். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டதிலிருந்து நானும் அங்கேதான் ஓரம் தைக்கிறேன். வெட்டி விழுகிற துண்டெல்லாம் நிறவாரியாக மூட்டையில் சேரும், பிறகு மிதியடியாகவும் பையாகவும் வெளியே போகும். துணி அலசின தண்ணீர் தரை கழுவும், தரை கழுவின தண்ணீர் செடிக்குப் போகும். "இந்தத் தண்ணிக்கு நம்ம வீட்டைவிட்டுப் போகவே வழி தெரியாது" என்று கடையில் பொத்தான் வைக்கிற அக்கா சிரிப்பார்.

அண்ணன் மரச்சாமான்களுக்கு ஸ்ப்ரே பெயின்ட் அடிக்கும் வேலை பார்த்தவர். மூக்கில் ஒரு கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு இருபது வருஷத்துக்கு மேல் அந்தப் புகையிலேயே நின்றார். நுரையீரல் கெட்டுப்போய், மாடிப்படி ஏறவே மூச்சு வாங்க ஆரம்பித்ததும் வேலையை விட்டார். மாடியில் ஜன்னலோர நாற்காலிதான் அவர் இடம் என்று ஆயிற்று.

அப்புறம்தான் அண்ணி கூரையில் சோலார் பலகைகள் போட்டார். தையல் மெஷின்கள், இஸ்திரிப் பெட்டி, வீட்டு விளக்கு, விசிறி எல்லாவற்றுக்கும் வெயிலே போதும், மிச்சமாகிற கரண்ட் தெருக் கம்பிக்குப் போகும் என்றார் மாட்டிக் கொடுத்தவர். அன்று அண்ணி மொட்டை மாடியிலேயே நின்றார். வெயிலில் முகம் கன்றிப்போயிருந்தது, ஆனால் இறங்கி வர மனமில்லை. "சும்மா கூரையில விழுந்து வீணாப் போன வெயிலுடி" என்றார் என்னிடம். மறுவாரமே, படிக்கட்டுக்கு அடியில் கிடந்த பழைய இன்வெர்ட்டரையும் அதன் பேட்டரியையும், பேட்டரிக் கடைக்காரரைக் கூப்பிட்டுத் தூக்கிக் கொடுத்துவிட்டார். அந்த ஈயத்தை உருக்கி மறுபடி பேட்டரி செய்வார்களாம். வீட்டுக்குள் இருந்த ஆசிட் நெடியும் ஒழிந்தது. அதில் அவருக்கு இரட்டைச் சந்தோஷம்.

அவர் சந்தோஷத்துக்கு ஒரே குறுக்கீடு, எதிர்வாடையில் முடிதிருத்தும் கடைக்கு முன்னால் நிற்கும் பெரிய மரம். சாயங்காலம் ஆகிவிட்டால் அதன் நிழல் ரோட்டைத் தாண்டி எங்கள் பலகைகள் மேல் ஏறிவிடும். ஒரு கிளையை மட்டும் வெட்டிவிடுங்கள் என்று கேட்கப் போனார் அண்ணி. கூட நானும் போயிருந்தேன்.

"வெயிலை உனக்கு மட்டும் பட்டா போட்டுக் கொடுத்திருக்காங்களாம்மா?" என்றார் கடைக்காரர், கத்தரிக்கோலை நிறுத்தாமலே. "என்கிட்ட வர்றவங்க நிழல்ல உட்கார வேணாமா?"

"ஒரு கிளைதாண்ணே. நிழலை வெச்சு நான் மெஷின் ஓட்ட முடியுமா?"

"மரத்தை வெட்டிட்டு அப்புறம் என்னம்மா பசுமை? போய் வேலையைப் பாரு, வெயில் மேஸ்திரி."

கடையில் காத்திருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அன்றோடு பேச்சு நின்றது. அண்ணனின் முடியைக்கூட அதற்குப் பிறகு அண்ணியே துணி வெட்டும் கத்தரியால் வெட்டினார். எலி கடித்த துணி மாதிரி இருக்கும். அண்ணன் கண்ணாடி பார்ப்பதையே விட்டுவிட்டார்.

போன கோடையில் அண்ணனுக்கு மூச்சு ரொம்பவும் மோசமானது. மருத்துவர் ஆக்சிஜன் மெஷின் வைக்கச் சொன்னார். இடுப்பு உயரத்தில் ஒரு பெட்டி. அறைக்காற்றை இழுத்து, ஆக்சிஜனைப் பிரித்து, குழாய் வழியாக மூக்குக்குத் தரும். மின்சாரத்தில்தான் ஓடும். அவசரத்துக்கு என்று கூடவே ஒரு சின்ன சிலிண்டரும் கொடுத்தார்கள். கொடுத்தவர், "உங்க வீட்டுல கரண்டுக்கு மாற்று ஏற்பாடு இருக்கா?" என்று கேட்டார். அண்ணி கூரையைக் காட்டினார். அவர் அண்ணாந்து பார்த்து, தலையாட்டிவிட்டுப் போனார்.

மெஷின் வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. நல்ல உச்சி வெயில். நான் மாடியில் அண்ணனுக்குச் சாப்பாடு வைத்துக்கொண்டிருந்தேன். தெருக்கோடியில் டமார் என்று ஒரு சத்தம். விசிறி நின்றது. ஆக்சிஜன் மெஷின் நீளமாக ஒரு கீச்சொலி எழுப்பிவிட்டு அடங்கியது. கீழே தையல் மெஷின்களின் சத்தமும் ஒன்றாக நின்றது.

"டிரான்ஸ்பார்மர் வெடிச்சிடுச்சு" என்று தெருவில் யாரோ கத்தினார்கள்.

அண்ணி மேலே ஓடி வந்தார். "அதான் சோலார் இருக்கே, ஏன் நின்னுச்சு?" என்று மெஷினின் சுவிட்சை இரண்டு மூன்று முறை தட்டினார். பிறகு சிலிண்டரைத் திறந்து அண்ணனுக்குக் குழாயை மாற்றினார். அதன் முள் பாதிக்குக் கீழே நின்றது. முதல் வாரத்தில் எல்லோரும் பழகிக்கொள்ளட்டும் என்று திறந்து திறந்து பார்த்ததில் போனது அது.

"பலகையில தூசி படிஞ்சிருக்கும்" என்று ஈரத்துணியோடு மொட்டை மாடிக்கு ஓடினார். நானும் பின்னால் போனேன். கால் வைக்க முடியாத சூடு. பலகைகள் பளபளவென்று கண்ணைக் கூச வைத்தன. தூசியே இல்லை. அவர் முழங்காலிட்டு ஒவ்வொன்றாகத் துடைத்தார். துடைத்த ஈரம் கை எடுப்பதற்குள் காய்ந்தது. சுவரில் இருந்த சோலார் பெட்டியில் சிவப்பு விளக்கு அப்படியே எரிந்தது.

போனில் சோலார்காரரைப் பிடித்தார். அவர் குரல் எனக்கும் கேட்டது.

"அக்கா, தெருவுல லைன் செத்தா உங்க பெட்டியும் தானா நின்னுடும். கம்பத்துல ஏறி வேலை பார்க்கிற ஆள் மேல உங்க கரண்ட் பாயக்கூடாதில்ல? அதுக்குத்தான். பேட்டரி இருந்தாதான் வீட்டுக்கு மட்டும் தனியா ஓடும். மாட்டும்போதே சொன்னேனே."

"யார்கிட்டச் சொன்னே?"

"சார்கிட்ட."

அண்ணி போனைப் பிடித்தபடி தலைக்கு மேல் வெயிலைப் பார்த்தார். அந்த முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பிறகு படியிறங்கினார்.

ஆம்புலன்ஸுக்குப் போன் அடித்தோம். பக்கத்தில் இருந்த வண்டி வேறு கேஸுக்குப் போயிருக்கிறது, அடுத்தது ஊரின் மறுமுனையிலிருந்து வர வேண்டும் என்றார்கள். சிலிண்டர் கடையில், வண்டி சுற்றுக்குப் போயிருக்கிறது, சாயங்காலம் ஆகும் என்றார்கள். தெரு முழுக்க மின்சாரம் இல்லை என்றுதான் நினைத்தோம். பொத்தான் அக்கா வீடு வீடாக இன்வெர்ட்டர் கேட்டுப் போனார். அண்ணன் மேஜையைப் பிடித்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருந்தார். மூக்குக் குழாய் இருந்தும் தோள்கள் ஏறி ஏறி இறங்கின.

"கொஞ்சம்... குறைச்சு வை. ரொம்ப நேரத்துக்கு வரட்டும்" என்றார்.

அண்ணி குமிழைக் குறைத்தார். கொஞ்ச நேரத்தில் அண்ணனின் உதட்டில் சாம்பல் நிறம் ஏறுவதைப் பார்த்தேன். அண்ணியும் பார்த்தார். குமிழைத் திரும்பக் கூட்டினார். முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது.

எனக்கு ஒரு பழக்கம். பயந்தால் ஜன்னலைப் பார்ப்பேன். அப்படித்தான் பார்த்தேன். எதிர்வாடை முடிதிருத்தும் கடையில், கண்ணாடிக்கு மேலே விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

"அண்ணி, அங்க பாருங்க."

அந்தப் பக்கத்துக்கு வேறு லைன். இத்தனை வருஷம் எதிரும் புதிருமாக இருக்கிறோம், அது எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

அண்ணி செருப்புகூடப் போடவில்லை. நான் மேலிருந்து பார்த்தேன். இரண்டு பக்கமும் பார்க்காமல் ரோட்டைக் கடந்தார். ஒரு வேன் பிரேக் அடித்து நின்றது. கடைப்படிக்குக் கீழேயே நின்று ஏதோ சொன்னார். கைகூப்பவில்லை, அழவில்லை. எங்கள் ஜன்னலைக் கைகாட்டினார். கடைக்காரர் கத்தியும் கையுமாக வெளியே வந்து அண்ணாந்தார். என்னைப் பார்த்தார். கத்தியை மடக்கிப் பையில் போட்டுக்கொண்டு ஓடி வந்தார். பாதி முகத்தில் சோப்பு நுரையோடு ஒரு ஆளும் துண்டைக் கழுத்தில் கட்டியபடியே கூட ஓடி வந்தார்.

நாற்காலியோடு அண்ணனைத் தூக்கினார்கள். எங்கள் படிக்கட்டு குறுகல். திருப்பத்தில் நாற்காலிக் கால் சுவரில் மாட்டிக்கொண்டது.

"என் பக்கம் சாய்ங்க, சாய்ங்க! தலையைக் குனியுங்க சார்!"

"யோவ் நுரை, கையை விட்டுடாதேய்யா!"

நான் சிலிண்டரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, குழாய் இழுபடாமல் ஒவ்வொரு படியாக இறங்கினேன். மெஷினை அண்ணி ஒருவரே மார்போடு தூக்கிக்கொண்டு வந்தார். கனமான பெட்டி, சக்கரத்தில் உருட்டுவதுதான் வழக்கம். ரோட்டில் பாதி போகும்போது சிலிண்டரிலிருந்து வந்துகொண்டிருந்த சீறல் மெலிந்து நின்றுவிட்டது. நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது? காலை எட்டிப் போட்டேன்.

அண்ணனை முடிவெட்டும் நாற்காலியில் இறக்கினார்கள். கடைக்காரர் முடி உலர்த்தும் கருவியின் பிளக்கைப் பிடுங்கி எறிந்து, மெஷினைச் சொருகினார். அது ஒருமுறை கீச்சிட்டது. பிறகு அடித்தொண்டையில் உறுமத் தொடங்கியது. ஆனால் மஞ்சள் விளக்குதான் எரிந்தது. அது பச்சையாகும் வரை சரியான ஆக்சிஜன் வராது என்று சொல்லியிருந்தார்கள். எல்லோரும் அந்த விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றோம். அண்ணனின் கண் செருகிச் செருகி வந்தது.

"இங்க பாருங்க, என்னைப் பாருங்க" என்று அண்ணி அவர் கன்னத்தைத் தட்டிக்கொண்டே இருந்தார். "தூங்கக் கூடாது. இழுங்க. இழுத்து விடுங்க."

விளக்கு பச்சையானது. அதற்கும் பிறகு நெடுநேரம் போல இருந்தது. அண்ணனின் தோள்கள் மெதுவாகத் தணிந்தன. முதலில் நகங்களில் நிறம் வந்தது, அப்புறம் உதட்டில். எதிரே கண்ணாடியில் தன்னைப் பார்த்து அவர் முகம் சுளித்தார்.

கடைக்காரர் அப்போதுதான் மூச்சு விட்டார். அண்ணனின் தலையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார்.

"யாருங்க இந்தத் தலையில கை வெச்சது?"

அண்ணன் கண்ணால் அண்ணியைக் காட்டினார்.

"கோர்ட்டுக்கே போகலாம் நீங்க" என்றார் கடைக்காரர். நுரைக்காரர் சிரித்தார். காய்ந்துபோன நுரை அவர் கன்னத்தில் செதில் செதிலாக உதிர்ந்தது.

அண்ணி சிரிக்கவில்லை. அண்ணன் முன்னால் மண்டியிட்டு, குரலை உயர்த்தாமல் கேட்டார்.

"சோலார்காரன் உங்ககிட்டச் சொன்னானா?"

"சொன்னான்."

"நான் பேட்டரியைத் தூக்கிக் கொடுத்தப்போ பார்த்துட்டுத்தானே இருந்தீங்க?"

"அன்னைக்கு நீ... அவ்வளவு சந்தோஷமா இருந்தே. அப்ப இந்த மெஷினும் இல்ல. போகட்டும்னு விட்டுட்டேன்."

"மெஷின் வந்த பிறகு?"

"மறந்தே போச்சு."

"என் சந்தோஷத்துக்கு உங்க உயிர்தான் கிடைச்சுதா?" என்றார் அண்ணி. எழுந்து போய்க் கடைப்படியில், ரோட்டைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். அவர் உள்ளங்கால்கள் கொப்புளித்திருந்தன. கடைக்காரர் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே போனார். ஆம்புலன்ஸ் வந்து, பார்த்துவிட்டு, அண்ணனை மருத்துவமனைக்குக் கூட்டிப்போனது. அண்ணி வண்டியில் ஏறும்வரை அண்ணனோடு வேறு ஒரு வார்த்தையும் பேசவில்லை. அவர் கையை மட்டும் விடவில்லை.

இப்போது அண்ணன் கீழே, எங்கள் தையல் கடைக்குப் பின்னால் இருக்கும் அறையில் இருக்கிறார். சோலார்காரர் வந்து சுவர்ப் பெட்டியை மாற்றி, பேட்டரி வைத்து, அந்த அறைக்கு மட்டும் தனி லைன் இழுத்துக் கொடுத்தார். இந்தமுறை அவர் சொன்னதை அண்ணி எல்லோரையும் நிற்கவைத்துக் கேட்கச் சொன்னார், பொத்தான் அக்கா உட்பட. நிரம்பிய சிலிண்டர்கள் இரண்டு கட்டிலருகே நிற்கின்றன. அவற்றை யாரும் திறந்து பார்ப்பதில்லை. அண்ணனுக்கு முன்பைவிட அதிக நேரம் மெஷின் தேவைப்படுகிறது. தெருவில் மின்சாரம் போனால் பேட்டரியில் ஒரு ராத்திரி ஓடுகிறது. பார்த்துவிட்டோம். அடைமழையில் நாலைந்து நாள் வெயிலும் இல்லாமல் மின்சாரமும் இல்லாமல் போனால் எவ்வளவு தாங்கும் என்பது இன்னும் எங்களுக்குத் தெரியாது.