முந்திரிச் சிலுவை

என் சமையலறை அலமாரியில் வட்டமான அலுமினிய டின் ஒன்று இருக்கிறது. ஒரு பக்கம் நசுங்கியது, அடியில் கரி ஏறியது. டிசம்பர் வந்தால் அதில்தான் கேக். அது எங்கள் வீட்டு டின்னா, சபை மூப்பர் வீட்டு டின்னா என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தவள் என் அத்தை ஒருத்திதான். அவள் கடைசிவரை வாயைத் திறக்கவில்லை.

அத்தை அப்பாவின் தங்கை. கல்யாணம் வேண்டாமென்று இரும்புலியூரில் எங்களோடு இருந்தாள். பல்லாவரத்தில் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட் வேலை. வாரமெல்லாம் அடுத்தவர் எழுதியதை அடித்துக் கொடுத்தவளுக்கு, ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாடகர் குழுவை நடத்தும் நேரம்தான் சொந்த நேரம். அதற்கு அடுத்த பெருமை கேக். ரயில்வே காலனியில் இருந்த ஆங்கிலோ இந்திய சிநேகிதியிடம் கற்றது. பன்னீர் திராட்சை விலை இறங்கியதும் சர்க்கரை, பட்டை, கிராம்பு சேர்த்துப் பீங்கான் ஜாடியில் வைன் போடுவாள். அது தயாரானதும் உலர்ந்த திராட்சையும் பேரீச்சையும் ஆரஞ்சுத் தோலும் அதற்குள் ஊறப் போய்விடும். ஜாடி இருந்தது அரிசி டிரம்முக்குப் பின்னால். விருந்தாளி வந்தால் அதன்மேல் ஒரு கோணியைப் போர்த்திவிடுவாள்.

எண்பதுகளின் கடைசியில் ஒரு நவம்பர். சபையின் மூப்பர், மதுவின் ஜென்ம விரோதி, கூட்டத்தில் எழுந்தார். கேக்கில் வைன் ஊற்றுகிற வீட்டார் இனிப் பாடகர் குழுவில் நிற்கக் கூடாது என்றார். தன் மனைவி ஆரஞ்சு ஜூஸில் செய்யும் கேக்கை உதாரணம் காட்டினார். எல்லோரும் அத்தையைப் பார்த்தார்கள். இந்த வருஷம் எங்கள் வீட்டிலும் ஜூஸ்தான் என்று அத்தை சொல்லிவிட்டாள். வீட்டுக்கு வந்து ஜாடியைத் திறந்து பார்த்தாள். ஊறிய பழத்தை யார் தூக்கிப் போடுவது? அடுப்புச் சூட்டில் வைன் பறந்துவிடும் என்று தனக்குத் தானே தீர்ப்பு எழுதிக்கொண்டாள்.

அப்போது வீடுகளில் ஓவன் ஏது? மாவை டின்னில் ஊற்றி பாய் பேக்கரிக்குக் கொண்டுபோவோம். ரொட்டி இறங்கியபின் அந்தச் சூட்டில் வைத்துத் தருவார். பெயர் எழுதி ஒட்டிய சீட்டெல்லாம் முந்தைய வருஷம் கருகிப் போனதால், மாவின் மேலேயே அவரவர் ஓர் அடையாளம் வைக்கச் சொல்லியிருந்தார். அத்தை ரொம்ப நேரம் யோசித்து, வேறு யாருக்கும் தோன்றாது என்று நம்பி, முந்திரிப் பருப்பால் ஒரு சிலுவை வைத்தாள்.

மறுநாள் போனால் பேக்கரி மேஜை முழுக்கச் சிலுவை. டின்களும் தாம்பரம் மார்க்கெட்டில் ஒரே கடையில் வாங்கியவை. பாய் தலையில் கை வைத்துக்கொண்டிருந்தார். "அல்லாரும் சிலுவையே வச்சிக்கினு வந்தா, நான் இன்னாம்மா பண்றது?" ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டு கிளம்பினோம்.

கிறிஸ்துமஸ் காலையில் கோயிலுக்குப் புறப்படுமுன் அத்தை ஒரு துண்டு வெட்டி வாயில் போட்டாள். ஆரஞ்சு ஜூஸ். ஊரில் ஜூஸ் ஊற்றிய வீடு ஒன்றுதான். அப்படியானால் நம் கேக் எங்கே இருக்கும்? அன்று ஆராதனையில் பாட்டு அவள் கையில் நிற்காமல் ஓடியது. இதுதான் கடைசி முறை என்று நினைத்து நடத்தினாளாம். முன் வரிசையில் மூப்பர் கண்ணை மூடியபடி உட்கார்ந்திருந்தார்.

சாயங்காலம் அவரே வந்தார், கையில் டின்னோடு. உள்ளே துடைத்து வைத்ததுபோல் காலி. அத்தை அழுகிற நிலையில் இருந்தாள்.

"கேக் மாறிப்போச்சும்மா," என்றார். "எங்க வீட்டுது இல்லன்னு கடைசித் துண்டு சாப்பிடும்போதுதான் தோணுச்சு."

அத்தை டின்னை வாங்கிக்கொண்டாள். அடுத்த வருஷம் பார்த்துத் தரும்படி பாயிடம் கண்டிப்பாகச் சொல்லிவிடுவதாக முனகினாள்.

"வேணாம் வேணாம். அவரை ஒண்ணும் சொல்லாத. பாவம், அவர் என்ன பண்ணுவாரு?"

பாட்டு எப்போதும்போல அத்தையிடமே இருந்தது. மூப்பர் வருஷா வருஷம் நவம்பரில் மதுவைக் கண்டித்தார். அத்தை எல்லோரையும்விடச் சத்தமாக ஆமென் சொன்னாள். டிசம்பரில் இரண்டு வீட்டு டின்களும் தவறாமல் தவறின.

அத்தை போய்ச் சேர்ந்துவிட்டாள். கேக் வாசனை எழும்போதெல்லாம் எனக்கு அவள் இல்லாதது உறைக்கிறது. பேக்கரியை இடித்துவிட்டு அங்கே செல்போன் கடை வந்து ரொம்ப காலமாகிறது. இப்போது எங்கள் வீட்டிலும் ஓவன், மூப்பர் மகள் வீட்டிலும் ஓவன். போன கிறிஸ்துமஸுக்கு முந்திரியில் சிலுவை வைத்து, அந்த நசுங்கிய டின்னோடு அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டினேன். தொண்ணூறைத் தாண்டிய மூப்பர் நாற்காலியிலிருந்து எட்டிப் பார்த்தார். கேக் மாறிவிட்டது என்றேன்.

"இன்னுமா அந்தப் பாய் திருந்தல?" என்றபடி தட்டை நீட்டினார்.