ஒளித்து வைத்த ஆறு பிள்ளைகள்

கிருஷ்ணராஜ் டொரதியை முதன்முதல் கண்டபோது அவர் பிள்ளைக்காம்பரா வாசலில் நின்று பிள்ளைகளுக்குத் தலைசீவிப் பவுடர் பூசிக்கொண்டிருந்தார். நாவலப்பிட்டிக்கு மேலேயுள்ள அந்தத் தேயிலைத் தோட்டத்தில், கொழுந்தெடுக்கப் போகும் தாய்மாரின் பிள்ளைகளைப் பத்தொன்பது வருடமாகப் பார்ப்பவர் அவர்தான். வெளிநாட்டு உதவியொன்றில் மூன்று வருடமாகப் பிள்ளைகளுக்கு மத்தியானச் சோறும் முட்டையும் கிடைத்துவந்தன. அதன் பலனை எந்தப் பக்கமும் சாராமல் ஆராய்ந்து எழுத வந்தவன் கிருஷ்ணராஜ். அவன் எழுதுவதை வைத்துத்தான் மேற்கொண்டு சோறு.

டொரதி அறிந்ததெல்லாம் தோட்டத்துத் துரைமார் பார்க்க வரும் நாட்கள்தான். எல்லாம் துப்புரவாக இருந்தால் வேலைக்கு ஆபத்தில்லை. ஆகவே கிருஷ்ணராஜ் வருவதற்கு முந்தின நாளே தொழிலாளர் வரிசை வீடுகளில் லயம் லயமாக ஏறி இறங்கி, மெலிந்த பிள்ளைகள் ஆறு பேரின் தாய்மாரிடம் சொல்லி வைத்தார்.

"நாளைக்கு புள்ளைய கொண்டாராதீங்க. சோறு போட்டும் இப்பிடியான்னு கேட்டா நா என்னத்த சொல்ல?"

"எம்புள்ள என்னா, காட்டக்கூடாத சாமானாக்கா?" என்றாள் வதனா.

"ஒரு நாளுதானடி."

கிருஷ்ணராஜ் தராசைத் தொங்கவிட்டுப் பதினான்கு பேரை நிறுத்தான்.

"பதிவுல இருபது பேர் இருக்கே அக்கா?"

"மத்தவங்க திருவிழாவுக்கு போயிட்டாங்க சார்."

அவனும் லயத்தில் பிறந்தவன்தான். திருவிழா என்றதும் மேலே கேட்கவில்லை.

நான்கு மாதத்தில் கடிதம் வந்தது. எடை குறைந்த பிள்ளைகள் எவருமில்லை, நோக்கம் நிறைவேறியது, உதவி வேறு இடத்துக்குப் போகிறது. தோட்டத்தின் நலன்புரி அதிகாரியான வெல்ஃபெயார் ஐயா அதை வாசித்துக் காட்டி, "கெட்டிக்காரிதான் நீங்க" என்றார். டொரதி அவரிடமே நம்பர் வாங்கிக் கிருஷ்ணராஜை அழைத்தார்.

"சார், அந்த ஆறு பேரும் லயத்துலதான் இருந்தாங்க. நாந்தான் ஒளிச்சு வச்சேன்."

"ஏன்கா?"

"நல்லா இருந்தாத்தானே தொடர்ந்து குடுப்பாங்கன்னு நெனச்சேன்."

அவன் உதவி கொடுத்தவர்களுக்கு இரண்டு தடவை எழுதிப் போட்டான். ஆய்வு முடிந்துவிட்டது என்ற ஒரு வரிதான் பதிலாக வந்தது.

டொரதி இப்போதும் அங்கேதான் வேலை செய்கிறார். சோற்றுப்பானை அலுமாரிக்கு மேலே கவிழ்ந்து கிடக்கிறது. மத்தியானத்தில் பிள்ளைகள் கொண்டுவரும் ரொட்டியைப் பிய்த்து, கொண்டுவராதவர்களுக்கும் பங்கு வைக்கிறார். வதனாவின் மகள் றொசானாவுக்குப் போன மாதம் மூன்று வயது முடிந்தது. பதினான்கு கிலோவளவில் இருக்கவேண்டிய எடை ஒன்பதரைக் கிலோ.