வசந்தா அக்கா சொன்ன விண்வெளிக் கதை

இன்று காலை பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் பஸ்ஸில், பக்கத்து சீட்டில் வசந்தா அக்கா. நாற்பது வருடம் கழித்துப் பார்க்கிறேன்.

எண்பதுகளில் அக்கா எங்கள் ஊர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். நான் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தேன். அப்போது அரியலூர் கொட்டகைக்கு விண்வெளியில் நடக்கும் ஒரு இங்கிலீஷ் கார்ட்டூன் படம் வந்தது. ஒரு வரிகூடத் தமிழ் கிடையாது.

"இதே கதைய திருச்சியில வேற படத்துல பாத்துட்டேன். அப்பட்டமான காப்பி" என்றான் என் அண்ணன்.

பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள். மீதிப் பேர், "படத்த நிறுத்துங்கய்யா" என்று கத்தினார்கள்.

பெண்கள் பக்கத்திலிருந்து அக்கா எழுந்தார். "கொஞ்சம் சும்மா இருங்க. என்ன பேசுறாங்கன்னு நான் சொல்றேன்."

படம் முடியும்வரை நின்றபடியே கதை சொன்னார். கிரகத்தை இழந்த இளவரசி, தொலைந்துபோன தம்பியைத் தேடி நட்சத்திரம் நட்சத்திரமாக அலைகிறாள். கடைசியில் அவன் ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டபோது அழாதவர்கள் இல்லை. அண்ணனும் அழுதான்.

"அந்த இங்கிலீஷ் உங்களுக்கு மட்டும் எப்படிக்கா புரிஞ்சுது?" என்று இன்று கேட்டேன்.

"எனக்கு எங்கடி புரிஞ்சுது? நானா கட்டிவுட்டேன். படத்த நிறுத்திட்டா வூட்டுக்குப் போவணுமே. அன்னிக்கு ஒரு நாள்தான் எனக்கு லீவு."

வீட்டுக்கு வந்ததும் இணையத்தில் படத்தைத் தேடிப் பார்த்தேன். அந்தத் தம்பி, இளவரசியின் காதலன்.

எனக்கு அக்கா சொன்ன படம்தான் பிடித்திருக்கிறது. அன்று என்னோடு அழுதவர்கள் யாராவது இங்கே இருக்கிறீர்களா?