காருக்குப் பூக்கட்டிப் பார்த்தது

எங்கள் வீட்டில் எதையும் உட்கார்ந்து பேசி முடிவு செய்ததாக எனக்கு நினைவில்லை. பெரியம்மா பெண்ணின் கல்யாணம், கிணறு வெட்ட இடம், தாத்தாவின் கண் ஆபரேஷன் எல்லாமே ஏரிக்கரை அம்மன் கோயிலில் பூக்கட்டிப் பார்த்துத்தான். ஒரு பொட்டலத்தில் சிவப்புப் பூ, இன்னொன்றில் வெள்ளைப் பூ. இரண்டையும் தட்டில் வைத்துச் சாமிக்குக் காட்டிவிட்டு, கள்ளங்கபடம் தெரியாத ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வார்கள். அந்தக் குழந்தை பெரும்பாலும் நான்தான். என்னைவிடக் கபடமான பெண் எங்கள் ஊர் கருங்குழியிலேயே கிடையாது என்பது அம்மனுக்குத் தெரிந்திருக்கும். வீட்டாருக்குத் தெரியாது.

காருக்காகப் பூக்கட்டிப் பார்த்தது ஒரே ஒரு முறை. அப்போது எனக்கு ஒன்பது வயது.

அப்பா ஜி.எஸ்.டி. ரோட்டோரம் வீட்டை ஒட்டியே மெக்கானிக் ஷெட் வைத்திருந்தார். மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடலோரச் சவுக்குத் தோப்புக்குள் சென்னைக்காரர் ஒருவரின் பங்களா இருந்தது. அங்கே ஜெனரேட்டர் மக்கர் செய்தால் அப்பாவுக்குத்தான் போன் வரும். பெரியவர் இறந்து, வெளிநாட்டிலிருந்த பிள்ளைகள் பங்களாவை விற்றபோது, கொட்டகையில் கிடக்கும் இரண்டு கார்களையும் அப்பாவே எடுத்துக்கொள்ளட்டும், இடம் காலியானால் போதும் என்று சொல்லிவிட்டார்கள். இரண்டும் ஒரே மாடல் சீமை வண்டிகள். தாழ்வான உடம்பு, இரண்டே சீட்டு, பின்னால் மடக்கிவிடுகிற துணிக்கூரை. பெரியவரும் அவர் தம்பியும் ரேஸ் பைத்தியம் பிடித்திருந்த வயதில் ஆளுக்கொன்றாக வாங்கியவையாம். ஒன்று சிவப்பு, ஒன்று வெள்ளை. லாரியில் வந்து இறங்கிய அன்று தெருவே கூடிவிட்டது. எப்போது எடைக்குப் போடப்போகிறீர்கள் என்றுதான் எல்லாரும் கேட்டார்கள்.

அந்த வண்டிக்கு உதிரிப் பாகம் எந்தக் கடையிலும் கிடைக்காது. ஒன்றைப் பிரித்துப் போட்டால்தான் மற்றது ஓடும். ஆகவே எது பிழைப்பது, எது சாவது என்பதுதான் பிரச்சினை.

அப்பாவுக்குச் சிவப்புதான் வேண்டும். சிறுவயதில் அந்தப் பக்கம் குடியிருந்த அவர் அந்தத் தோப்பில் மாடு மேய்த்துக்கொண்டிருந்தபோது இதே சிவப்புக் கார் மணலில் புதைந்துவிட்டதாம். கூட்டாளிகளோடு சேர்ந்து தள்ளிவிட்டதற்கு, பெரியவர் அப்பாவை மட்டும் பக்கத்தில் உட்காரவைத்து மாமல்லபுரம் வரை ஒரு சுற்றுக் கூட்டிப்போனாராம். இந்தக் கதையை அப்பா எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு முறையும் வண்டியின் வேகம் பத்து கிலோமீட்டர் கூடும். ஆசையை விடுங்கள், நியாயமும் அப்பா பக்கம்தான். சிவப்புக்கு உடம்பு கெட்டியாக இருந்தது, எஞ்சின்தான் இறுகிப்போயிருந்தது. வெள்ளையின் எஞ்சினைத் தூக்கி அதில் வைத்துவிட்டால் இரண்டே மாதத்தில் ரோட்டுக்கு வந்துவிடும். ஷெட்டுக்கு வந்த அத்தனை பேரும் அப்படித்தான் சொன்னார்கள்.

மாமாவுக்கு மட்டும் வெள்ளை. மாமா என்பது அம்மாவின் தம்பி. ஒரு தொழிற்சாலையில் வெல்டராக இருந்தார். ஆட்குறைப்பில் வேலை போனது, அதைக் கேள்விப்பட்டு நிச்சயம் செய்த பெண் வீட்டாரும் கையை விரித்துவிட்டார்கள். எங்கள் வீட்டுக்கு வந்தவர் ஆறு மாதமாக முன்னறையில் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தார். மாமாவுக்கு உடம்பு சரியில்லை என்று என்னிடம் சொல்லியிருந்தார்கள். நான் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பேன், சுடாது. காய்ச்சல் இல்லாமலே இத்தனை நாள் மட்டம் போடுகிற சாமர்த்தியத்துக்காக எனக்கு மாமாமேல் பெரிய மரியாதை இருந்தது.

அந்த மாமா கார்கள் வந்த மறுநாள் எழுந்து ஷெட்டுக்குப் போனார். வெள்ளைக் காருக்கு எஞ்சின் சுற்றியது, ஆனால் அடித்தகடு முழுவதும் உப்புக்காற்றில் உளுத்துக் கொட்டிவிட்டிருந்தது. உள்ளே உட்கார்ந்தால் கால் மண்ணில் படும். அதை ஓட்டுவதென்றால் நாமே ஓடவேண்டியதுதான்.

"தரையே இல்லாத வண்டிய வெச்சிகினு இன்னாடா பண்ணப்போற?" என்றார் அப்பா.

"தர போடறது என் வேல மச்சான். நீ எஞ்சின மட்டும் பாரு."

பத்து நாள் இப்படியே போனது. காலையில் ஆரம்பிக்கிற சண்டை இரவுச் சோற்றில்தான் நிற்கும். பூரா தகட்டையும் வெட்டி எடுத்துப் புதிதாகப் பற்றவைக்க ஒரு வருஷமாகும் என்பார் அப்பா. ஆகட்டுமே, எனக்கு வேறென்ன வேலை என்பார் மாமா. எனக்கு அலுத்துப்போனது. அம்மாவோ சண்டையைக் கோயில் கச்சேரிபோல ரசித்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். "இன்னிக்கி ரெண்டாவது வாட்டி சோறு கேட்டான், தெரியுமா?" என்று ஒருநாள் அவள் அப்பாவிடம் மெதுவாகச் சொன்னாள். மாமா இரண்டாம் முறை சோறு வாங்குவதில் என்ன அதிசயம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு என் முட்டையை அவசரமாகத் தின்றுமுடித்தேன்.

மறுநாள் அப்பா, சரி, வெள்ளையே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார். மாமா சந்தோஷப்படுவார் என்று பார்த்தால் முகம் செத்துவிட்டது.

"எனக்காவ வுட்டுக் குடுக்காத மச்சான். வூட்ல குந்திகினு துன்றவனுக்குக் காரு ஒரு கேடா? செவப்பையே ரெடி பண்ணு."

போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். அம்மா எவ்வளவு கூப்பிட்டும் சாப்பிட எழுந்திருக்கவில்லை. மாமாதான் வழிவிட்டுவிட்டாரே, அப்பாவாவது வேலையைத் தொடங்கலாம். அவரும் சிவப்புக் காரைச் சும்மா சுற்றிச் சுற்றி வந்தார். மூன்றாம் நாள் முன்னறை வாசலில் நின்றுகொண்டு, "நீயும் வாணாம், நானும் வாணாம். அம்மன் கிட்ட கேட்டுடலாம். எந்திரிடா" என்றார். பூக்கட்டிப் பார்ப்பதை வாய்க்கு வாய் கேலி செய்கிற ஒரே ஆள் எங்கள் வீட்டில் அப்பாதான். நான் அதைக் கவனிக்கவில்லை. எனக்கு என் பங்குக்குச் செய்யவேண்டிய காரியம் இருந்தது. சிவப்புக் கார் ஓடினால் முதல் சவாரி எனக்கு என்று அப்பா வாக்குக் கொடுத்திருந்தார்.

வெள்ளிக்கிழமை காலை. தலைக்குக் குளித்து ஈரத்தலையோடு போனோம். கோயிலில் ஒரு காதுகுத்துக் கூட்டம். பூசாரிக்குத் தலைசொறிய நேரமில்லை. "நீயே கட்டிக் குட்த்துடு அண்ணாத்த" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டார். அப்பா பூக்கடைப் பக்கம் போய் இரண்டு வாழையிலைப் பொட்டலங்களோடு வந்தார். ஒன்று குண்டு, ஒன்று ஒல்லி. நான் கணக்குப் போட்டுவிட்டேன். சிவப்பு என்றால் செம்பருத்தி, பெரிய பூ. வெள்ளை என்றால் நந்தியாவட்டை, சின்னப் பூ. தட்டை நீட்டியதும் கண்களை இறுக மூடி, உதட்டை முணுமுணுவென்று அசைத்து, தெய்வ அருள் வந்தவள்போல நடித்துக் குண்டுப் பொட்டலத்தை எடுத்தேன்.

பூசாரி பிரித்தார். உள்ளே ஒரு கை நந்தியாவட்டை.

நிமிர்ந்து பார்த்தேன். அம்மன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாமா பூக்களை இரண்டு கையிலும் வாங்கிக்கொண்டு, "மெய்யாலுமா?" என்று பூசாரியைக் கேட்டார், அப்பாவைக் கேட்டார், என்னையும் கேட்டார். "அவளே சொல்லிட்டா, நாம இன்னா பண்றது?" என்று அப்பா விட்ட பெருமூச்சு ஏரிக்கரை முழுக்கக் கேட்டிருக்கும். எடுக்காத பொட்டலத்தை எங்கள் பக்கத்தில் பிரித்துப் பார்க்கமாட்டோம், சாமியைச் சந்தேகப்படுவது போலாகிவிடும். ஏரியில் போட்டுவிடுவார்கள். நான் போடுகிறேன் என்று அப்பா அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். நாங்கள் வீடு வந்து சேர்வதற்குள் மாமா ஷெட்டில் சாக்பீஸால் தகட்டில் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

அந்தத் தரையைப் போட்டு முடிக்க மாமாவுக்குப் பதினோரு மாதம் பிடித்தது. அதற்குள் அவர் பற்றவைத்த சுத்தத்தைப் பார்த்துவிட்டு அச்சரப்பாக்கத்திலிருந்தும் செய்யூரிலிருந்தும் டிராக்டர் டிரெய்லர்கள் அவரைத் தேடி வர ஆரம்பித்திருந்தன. இப்போது அச்சரப்பாக்கத்தில் சொந்தப் பட்டறை, மனைவி, இரண்டு பையன்கள். வெள்ளைக் கார் வருஷத்துக்கு நாலு தடவை மாமல்லபுரம் போய் வருகிறது. மாமா எத்தனை கூப்பிட்டாலும் அப்பா ஓட்டமாட்டார், பக்கத்தில் உட்கார்ந்து வருவதோடு சரி.

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் அம்மா துணி ஊறவைத்துக்கொண்டிருந்தாள். நான் பாவம் செய்த உடம்பைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னாலேயே திரிந்தேன். அப்பாவின் சட்டைப்பையைத் துழாவிய அம்மாவின் கையில் அந்த ஒல்லிப் பொட்டலம் வந்தது. ஏரியில் போட மறந்திருக்கிறார். ஈரக்கையில் இலை தானாகவே பிரிந்துகொண்டது. உள்ளே வாடிப்போன இரண்டு நந்தியாவட்டைப் பூக்கள்.

அம்மா அந்தப் பூக்களை விரலால் புரட்டிப் பார்த்தாள். பிறகு கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. நம் வீட்டுக்குத் தெய்வக் குற்றம் வந்துவிட்டது, அம்மாவுக்கும் தெரிந்துவிட்டது என்று நான் ஓவென்று அழுது எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"குண்டா கீறதுதான் செவப்புன்னு தெரிஞ்சேதாம்மா எடுத்தேன். அதான் சாமி கோச்சிகினு ரெண்டுத்தையும் வெள்ளையா மாத்திடுச்சி."

அம்மா என்னைச் சோப்புக் கையோடு இழுத்து அணைத்துக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை.

"ஆமாண்டி கண்ணு, சாமிதான் மாத்திச்சி. உங்க மாமா கிட்ட மட்டும் சொல்லிடாத."

நான் சொல்லவில்லை. வெகுநாள்வரை அந்தக் கோயில் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. அம்மா சொன்ன சாமி அந்த நேரத்தில் அழுக்கு லுங்கியோடு ஷெட்டில் சிவப்புக் காருக்கு அடியில் படுத்துக்கொண்டு, அதன் போல்ட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி மாமாவின் கையில் கொடுத்துக்கொண்டிருந்தது என்பது எனக்கு அப்போது தெரியாது.