பின்கட்டுத் தொட்டில்கள்

தொட்டில் சேலைகளைத் துவைப்பது சின்னத்தாயியின் வேலை. கஞ்சி ஊற்ற, முகம் துடைக்க, தூங்கப் பண்ண என்று மற்றதற்கெல்லாம் தெருப் பெண்கள் ஆள் மாற்றி ஆள் வந்து நின்றார்கள். மூத்திரச் சேலையை மட்டும் அவள் யாரிடமும் விடமாட்டாள். "அவளவ வீட்டுலயும் இதுதான், இங்குட்டு வந்தும் இதுதானா?" என்பாள். கிணற்றடிக் கல்லில் சவுக்காரம் போட்டுக் கும்மி, அலசி, இரண்டாம் கட்டு முற்றத்தின் கொடியில் உதறி விரித்தால், மத்தியான வெயிலுக்கு எல்லாம் மொறமொறவென்று காய்ந்துவிடும்.

வீடு அவளுடையதல்ல. காரைக்குடியில் அந்த மாதிரிப் பெரிய வீடுகளுக்கு முன்வாசல் ஒரு தெருவில் இருக்கும், பின்வாசல் அடுத்த தெருவில் இருக்கும். இந்த வீட்டின் முகப்பு செட்டிமார் தெருவைப் பார்த்திருந்தது. அடுப்படியும் கிணறும் உள்ள பின்கட்டோ குடிசைகள் நெருக்கியடித்த ஒரு சந்தில் போய் முடிந்தது. வீட்டுக்காரி சிகப்பி ஆச்சி, செட்டியார் காலமான பிறகு மதராஸோடு தங்கிவிட்டார். பிள்ளையில்லாதவர். நடுமுற்றமான வளவைச் சுற்றியுள்ள அறைகளில் பங்காளிகளுக்கும் பங்கு உண்டு. ஆளுக்கொரு பூட்டுப் போட்டுவிட்டு ஆளுக்கொரு ஊரில் இருந்தார்கள். கூட்டிப் பெருக்கி, சாயங்காலம் சாமி அறையில் விளக்கேற்ற சின்னத்தாயியை வைத்திருந்தார்கள். சிங்கம்புணரிப் பக்கத்துக்காரி. புருஷன் லாரியிலிருந்து விழுந்து செத்தபின் கைப்பிள்ளையோடு வந்தவள்; அந்த மகளையும் கோவிலூரில் கட்டிக்கொடுத்தாயிற்று.

பின்சந்துக்கு நகராட்சி வைத்த பெயர் ஒன்று உண்டு. ஊர் வைத்த பெயர் தீக்குச்சித் தெரு. வைகாசி பிறந்தால் அங்கே ஏதாவது ஒரு கூரை எரியும். மழை பொய்த்த வருஷங்களில் கிழக்கே இருந்து பிழைக்க வந்த சனங்கள். ஆண்கள் மூட்டை தூக்கவும், பெண்கள் அரிசி ஆலையில் நெல் அவிக்கவும் போய்விடுவார்கள். குடிசையில் ஏழெட்டு வயதுப் பெண்பிள்ளை கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளும். அதுவே அடுப்பையும் பற்றவைக்கும்.

அறுபத்தேழாம் வருஷம் அப்படித்தான் பொன்னுத்தாயியின் குடிசையில் பற்றி, வரிசையே போயிற்று. கூக்குரல் கேட்டுச் சின்னத்தாயி பின்கதவின் தாழை விலக்கினாள். கிணற்றைத் தேடி சனம் உள்ளே ஓடிவந்தது. பொன்னுத்தாயியின் மூத்தவள் தம்பியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். ஆனால் முழங்காலுக்குக் கீழே வெந்துபோயிருந்தது. கூரை மறுபடி வேயும்வரை நாலைந்து குடும்பங்கள் பின்கட்டிலேயே படுத்துக் கிடந்தன. பிறகு போய்விட்டன. மறுநாள் விடிந்ததும் பொன்னுத்தாயி மட்டும் கைக்குழந்தையோடு வாசலில் வந்து நின்றாள்.

"ஆலைக்குப் போகணும்க்கா. பெரியவ ஆஸ்பத்திரியில கெடக்கா. மத்தியானம் வரைக்கும் இது இங்குட்டுக் கெடக்கட்டுமா?"

"கெடக்கட்டும், கெடக்கட்டும். அழுதா நான் பொறுப்பில்ல."

அவ்வளவுதான். மறுவாரம் மூன்று பிள்ளைகள். ஆடிக்குள் பின்கட்டு உத்தரம் முழுக்கத் தொட்டில்.

ஆச்சிக்கு ஒரு கார்டு போட்டிருக்கலாம். எழுதித் தர ஆளும் இருந்தது. பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்த சூசைமேரி டீச்சர், சர்ச் குடோனிலிருந்து பால்பவுடரும் கோதுமை ரவையும் வாங்கிக் கொண்டுவந்து கொடுப்பவர், பலதடவை சொல்லிவிட்டார். சின்னத்தாயி பிடி கொடுக்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்று பதில் வரும். கேட்காவிட்டால் ஒன்றும் வராது. ஆச்சி ஊருக்கு வருமுன் கடிதம் வரும். அப்போது தொட்டில்களை அவிழ்த்து, முற்றத்தைக் கழுவிவிட்டு, "ஒரு வாரத்துக்கு அவுகவுக பிள்ளைய அவுகவுக பாத்துக்கங்க" என்று தெருவில் சொல்லிவிடுவாள். ஆச்சி போனதும் எல்லாம் மறுபடி ஏறிவிடும்.

"என்னத்தா, அரண்மனையில ராணி சௌக்கியமா?" என்று கேட்டுக்கொண்டே வருவார் சூசைமேரி.

"ராணிக்கு இடுப்பு ஒடியுது டீச்சர். வந்து நாலு சேலையப் புழிஞ்சு போடுங்க."

"புழியறேன். இந்தச் சந்துல இருந்து எங்க பள்ளிக்கூடத்துக்கு முன்னயெல்லாம் ஒரு பொம்பளப்பிள்ளை வராது. இப்ப ஒரு பெஞ்சு நிறைய உக்காந்து என் உயிர வாங்குதுக. அதுக்கு யாரப் புழியுறது?"

உண்மைதான். இடுப்பிலிருந்த தம்பி தங்கச்சி இறங்கிய பிறகு அந்தச் சிறுமிகளுக்குச் சிலேட்டைப் பிடிக்கக் கை இருந்தது. பகலில் அடுப்பு எரியாததால் கூரையும் எரியவில்லை. வைகாசிக்கு வைகாசி கீற்று வாங்கிய காசில் ஒருவன் மண்சுவர் வைத்தான். அடுத்தவன் ஓடு போட்டான். சாயங்காலம் பிள்ளையைத் தூக்க வந்த பெண்கள் ஒருத்தியோடொருத்தி பேசப் பழகினார்கள். அதற்கு முன் குழாயடியில் முடியைப் பிடித்த கூட்டம் அது. ஒருநாள் குடத்தோடு எல்லாருமாக நகராட்சி ஆபீசில் போய் உட்கார்ந்து, சந்துக்கென்று தனியாக ஒரு குழாய் வாங்கினார்கள். குடித்துவிட்டு அடிக்கிறவன் அடித்துக்கொண்டுதான் இருந்தான். அதெல்லாம் மாறிவிட்டதாக யாரும் சொல்லவில்லை. ஆனால் தீக்குச்சித் தெரு என்று சொல்வது மெல்ல நின்றுபோனது.

எழுபத்துமூன்றாம் வருஷம் தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பங்காளி முத்துக்கருப்பன் செட்டியார் கடிதம் போடாமல் வந்துவிட்டார். மகள் கல்யாணத்துக்குத் தன் அறையிலிருந்து பாத்திரம் எடுக்க வேண்டியிருந்தது. ஆலைக்கு விடுமுறை. மற்றத் தொட்டில்கள் துவைத்துக் கொடியில் கிடக்க, காய்ச்சலில் கிடந்த ஒருத்தியின் பிள்ளை மட்டும் பின்கட்டில் தூங்கிக்கொண்டிருந்தது. கொழுகொழுவென்று, நெற்றியில் பொட்டு, கன்னத்தில் மை.

"இது யாரு பிள்ளை?"

"ஒரு பிள்ளைங்கய்யா."

"பிள்ளைன்னு தெரியுது. ஆளில்லாத வீட்டுல தொட்டில் ஆடுதே, ஆச்சிக்குத் தெரியுமா?"

வேலை போய்விடும், நாளைக்கு இந்தக் கதவு அடைபட்டுவிடும் என்ற பயத்தில் சின்னத்தாயி வாயில் வந்ததைச் சொன்னாள்.

"தெரியும்ங்கய்யா. ஆச்சி சொல்லித்தான் வச்சிருக்கேன்."

செட்டியார் பாத்திரத்தைக்கூட எடுக்காமல் போய்விட்டார். செட்டிமாரில் பிள்ளையில்லாதவர்கள் பங்காளி வீட்டுப் பிள்ளையைக் கோயில் அறிய, ஊர் அறியத் தத்தாகக் கூட்டிக்கொள்வது வழக்கம். சொத்தும் அந்தப் பிள்ளைக்கே. யாரோ ஊர்ப்பேர் தெரியாத பிள்ளையைச் சிகப்பி ஆச்சி ரகசியமாகக் கூட்டி, பூட்டின வீட்டில் வைத்து வளர்க்கிறார் என்று செட்டியார் முடிவுகட்டிவிட்டார். அவருக்கு அப்படித்தான் தோன்றும். பத்து நாளில் மதராஸ் வரைக்கும் பேச்சுப் போய்விட்டது.

இந்தத் தடவை ஆச்சியும் கடிதம் போடவில்லை.

மத்தியானக் கஞ்சி முடிந்து பிள்ளைகள் அசந்து தூங்கும் நேரம். முகப்புக் கதவு திறந்த சத்தம் கேட்டுச் சின்னத்தாயி எழுவதற்குள், வெள்ளைச் சேலையில் ஆச்சி வளவைக் கடந்து பின்கட்டுக் கூடமான பட்டாலைக்குள் வந்து நின்றார். உத்தரத்தில் வரிசையாகத் தொங்கிய தொட்டில்களையும், பாயில் கால்மாடு தலைமாடாகக் கிடந்த பிள்ளைகளையும் ஒருமுறை பார்த்தார்.

"இதுல எதைடி நான் கூட்டியிருக்கேன்?"

சின்னத்தாயி காலில் விழப் போனாள்.

"எந்திரி. விழுந்தா முடிஞ்சுபோச்சா?"

"வாய் தவறி வந்துருச்சு ஆச்சி."

"வாய் தவறல. பயந்துக்கிட்டு என் பேரை முன்னால புடிச்சுத் தள்ளிவிட்டுட்டே." ஆச்சி சுவரோரப் பலகையில் உட்கார்ந்தார். "எத்தனை வருஷமா நடக்குது?"

"அந்தத் தீப்பிடிச்ச வருஷத்துல இருந்து."

"நான் வந்து போனப்பல்லாம் அவுத்து வச்சியா?"

"ஆமா ஆச்சி."

"கெட்டிக்காரிதான்." சிரிப்பில்லை அந்தக் குரலில். "அவுக இருந்த காலத்துல பிள்ளை கூட்டணும்னு ஒவ்வொரு பங்காளி வீட்டுப் படியா ஏறினோம். ஒருத்தருக்கு ஜாதகம் சரியில்ல, ஒருத்தருக்குப் பொண்டாட்டி சம்மதிக்கல. அதெல்லாம் அடங்கி, இப்பத்தான் யாரும் எதுவும் கேக்காம இருந்தாக. நேத்து ஒரு கல்யாண வீட்டுல, பந்தியில வச்சு, 'பிள்ளைக்கு என்ன பேரு விட்டீக ஆச்சி'ங்கறா ஒருத்தி. எலையில கைய வச்சுக்கிட்டு நான் என்ன சொல்லட்டும்?"

வீட்டை மட்டும்தான் கேட்காமல் எடுத்தோம் என்று சின்னத்தாயி இத்தனை நாள் நினைத்திருந்தாள்.

அந்த நேரம் பார்த்துத் தன் முறைக்காகப் பின்வாசலில் தலை முழுக்க உமியோடு பொன்னுத்தாயி நுழைந்தாள். ஆச்சியைக் கண்டதும் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு கதவோரம் ஒதுங்கினாள்.

"யாரு இவ?"

"முதல்ல பிள்ளைய விட்டவ ஆச்சி. பொன்னுத்தாயி."

"குத்தம் எங்களோடது ஆச்சி," என்றாள் பொன்னுத்தாயி கதவோரத்திலிருந்தே. "நாங்கதான் கேட்டோம். அக்காவ வேலைய விட்டு நிறுத்திராதீக."

"கேட்டது நீ. திறந்தது அவ. பேரு கெட்டது எனக்கு." ஆச்சியின் பார்வை முற்றத்துக்குப் போயிற்று. "அந்தக் கிணத்தச் சுத்தி மூங்கில் அடைச்சது யாரு?"

"எங்க வீட்டு ஆம்பளைங்க. பிள்ளைக எட்டிப் பாக்குதுகன்னு."

ஆச்சி எழுந்து போய் மூங்கிலை அசைத்துப் பார்த்தார். அசையவில்லை. திரும்பி வந்தார்.

முன்தெருவில் கார் ஒன்று நின்று கதவு அடைபடும் சத்தம் கேட்டது.

"முத்துக்கருப்பன்தான்," என்றார் ஆச்சி. "பின்கதவப் பூட்டி, சாவிய அவுக கையில கொடுக்கணுமாம். பங்கு எல்லாருக்கும் உண்டாம். அதப் பேசத்தான் வாராக."

தூங்கிக்கொண்டிருந்த ஒன்று சிணுங்கியது. பொன்னுத்தாயி ஓசைப்படாமல் போய்த் தொட்டிலைப் பிடித்துக்கொண்டாள். முகப்பில் செட்டியார் செருமுவது கேட்டது. ஆச்சி சேலைத் தலைப்பை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"போயி அவுகள முகப்புலயே உக்காரச் சொல்லு. குடிக்கத் தண்ணி குடு. இங்குட்டு வரவேண்டாம்."

சின்னத்தாயி சொம்பை எடுத்தவள் அப்படியே நின்றாள். கேட்டுவிட வேண்டும் போலிருந்தது. இத்தனை வருஷமாகக் கேட்காமல் இருந்த கேள்வி.

"ஆச்சி, நாளைக்குக் காலையில பிள்ளைகள வரச் சொல்லவா?"

ஆச்சி தொட்டில்களுக்கிடையே குனிந்து, எதன்மேலும் இடிக்காமல், பட்டாலையைத் தாண்டி வளவுக்குள் போய்விட்டார். பின்கதவைப் பூட்டு என்று சொல்லவில்லை.